காருக்குள்ள ஒளிச்சு வெச்ச ஜிபிஎஸ் டிராக்கர், சிக்னல் சரியா எடுக்கல. எங்க வெக்கலாம்?

குடந்தை டிசையர் · ஞாயிறு காலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல ரெண்டு டிசையர் ஓடுது நமக்கு, பெரும்பாலும் நவக்கிரக டிரிப்பு, இல்லன்னா வேளாங்கண்ணி, நாகூர். போன மாசம் பக்கத்துத் தெருவுல வாசல்ல நின்ன ஒரு காரை ராத்திரியோட ராத்திரியா தள்ளிட்டுப் போயிட்டாங்க, இன்னிவரைக்கும் துப்பு கெடைக்கல. அந்த பயத்துல நானும் ஒரு வண்டிக்கு டிராக்கர் மாட்டினேன். வந்த பையன் அரை மணி நேரத்துல வேலைய முடிச்சுட்டுப் போயிட்டான், அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தா ஸ்டீயரிங்குக்குக் கீழ, பிரேக் பெடலுக்கு மேல, வயரோட வயரா டை போட்டுக் கட்டியிருக்கான். திருவையாறு ரோட்டுல போனா ஓரளவு சரியா காட்டுது, ஊருக்குள்ள சாரங்கபாணி கோயில் பக்கம் வந்தா இந்தத் தெருவுல இருக்குற வண்டி மூணாவது தெருவுல நிக்குது. கஞ்சனூர்லேர்ந்து சூரியனார்கோயில் போனா ரோட்டை விட்டுட்டு வயல் நடுவுல நேர்கோடு போட்டு வெக்குது.

இதெல்லாம் கூட பரவால்ல. ராத்திரி பூரா ஷெட்ல நின்ன வண்டி காலைல 14 கிலோமீட்டர் ஓடினதா கணக்கு காட்டுச்சு, நானும் யோசிக்காம டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு ராத்திரி வண்டிய யாருக்கு குடுத்தீங்கன்னு கேட்டுட்டேன். ஆறு வருசமா நம்மகிட்ட இருக்குற மனுசன், மொகம் செத்துப் போச்சு. அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. திருடன் கைக்கு அகப்படாத இடமாவும் இருக்கணும், சிக்னலும் ஒழுங்கா வரணும், அப்படி ஒரு இடம் சொல்லுங்க.

ஒரத்தநாட்டான் · ஞாயிறு காலை 7:05

மேல ஏத்துங்க அண்ணே. பெடல் பக்கம் வெச்சா வராது. எங்க இன்னோவாலயும் இதே கதைதான், மேல மாத்தினதும் சரியாயிடுச்சு.

நீடா எலக்ட்ரிக்கல் · ஞாயிறு காலை 8:30

அண்ணே நான் நீடாமங்கலத்துல கார் வயரிங், ஏசி வேலை பாக்குறேன், 15 வருசமாச்சு. ஒளிச்சு வெக்கணும்னா திருடன் கண்ணுக்குத்தான் ஒளிக்கணும், வானத்துக்கு ஒளிக்கக் கூடாது. இந்த ஒண்ணை மனசுல வெச்சுகிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. நீங்க சொன்ன இடத்துல வானமே கெடையாது. டேஷ்போர்டுக்குள்ள இந்தக் கதவுலேர்ந்து அந்தக் கதவு வரைக்கும் குறுக்க ஒரு இரும்புக் குழாய் போகுது, ஸ்டீயரிங்கே அதுலதான் தொங்குது. அதுக்குக் கீழ கட்டினா தலைக்கு மேல இரும்பு, முன்னாடி இஞ்சின் பக்கத்துத் தகடு, சுத்தி ஒரு கட்டு வயர்.

பிளாஸ்டிக், துணி, ரெக்சின், ஃபோம், சாதா கண்ணாடி இதெல்லாம் ஜிபிஎஸ்ஸுக்குத் தடையே இல்ல, இரும்பும் அலுமினியமும்தான் எமன். அதனால நான் எப்பவும் மீட்டருக்கு மேல குடை மாதிரி நிக்குற மூடி இருக்கு பாருங்க, அதைத் தூக்கி அதுக்கு அடியில வெப்பேன், இரும்புக் குழாய் கீழ போயிடும், மேல வெறும் பிளாஸ்டிக், அதுக்கும் மேல முன் கண்ணாடி. பயணி பக்கத்து டேஷ்போர்டை மட்டும் தொடாதீங்க, அங்க ஏர்பேக் இருக்கும், அது வெடிச்சு வெளிய வர்ற வழியில எதை ஒட்டினாலும் அது குண்டு மாதிரி ஆள் மொகத்துல வந்து அடிக்கும். சில வண்டில முன் கண்ணாடி ஓரத்துத் தூண்லயும் ஏர்பேக் உண்டு, அதையும் பார்த்துக்கணும்.

டிசையர் மாதிரி டிக்கி தனியா இருக்குற வண்டிக்கு இன்னொரு இடம், பின் சீட்டுக்குப் பின்னாடி கண்ணாடிக்குக் கீழ இருக்குற தட்டு. மேல துணி ஒட்டின அட்டை, அதுக்குக் கீழ தகடு. பொட்டி அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவுல போகணும். நெறைய பேரு டிக்கியைத் தொறந்து அடியிலேர்ந்து தகட்டுல ஒட்டிட்டு வந்துடுறாங்க, அது சமையலறை டப்பாக்குள்ள போட்டு மூடி வெச்ச மாதிரி. மேல் ரூஃப் துணிக்குள்ள வெக்கலாமான்னும் கேப்பாங்க, வேணாம், துணிக்கு மேலயே தகடு இருக்கு.

உங்க பொட்டிக்கு ஆன்டெனா உள்ளயே இருக்கா, இல்ல தனியா வயர் வருதா? உள்ளயே இருந்தா எந்தப் பக்கம் மேல பார்க்கணும்னு கண்டுபிடிச்சே ஆகணும்.

மயிலாடுதுறை இயற்பியல் · ஞாயிறு காலை 11:15

எலக்ட்ரிக்கல் தம்பி சொன்னது அத்தனையும் சரி, ஏன் அப்படின்னு நான் சொல்றேன், பள்ளிக்கூடத்துல இயற்பியல் எடுத்து ரிட்டையர் ஆனவன்.

ஜிபிஎஸ் சேட்டிலைட் நமக்கு மேல சுமார் 20,200 கிமீ உயரத்துல சுத்துது. அங்கேர்ந்து வர்ற அலை நம்ம கார் மேல விழும்போது, ஒரு வாட்டை நூறு கோடி கோடி பங்கா பிரிச்சா அதுல ஒரு பங்கு, அவ்வளவுதான் பலம். திறந்த வெளியிலயே இந்த நிலைமை, அதுல பாதிய தகடு தின்னுட்டா ரிசீவர் பாவம் என்ன பண்ணும். அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 19 செ.மீ, ஏறக்குறைய ஒரு சாண். அதனால தகட்டுல கம்பி நுழையுற ஓட்டை இருக்கே அது வழியா வந்துடும்னு நினைக்கக் கூடாது, அவ்வளவு சின்ன ஓட்டையில இந்த அலை நுழையாது.

இன்னொரு விசயம். இந்த அலை வலப்பக்கமா முறுக்கிகிட்டே வரும். தரையிலயோ சுவர்லயோ தகட்டுலயோ மோதித் திரும்பினா முறுக்கு பெரும்பாலும் எடப்பக்கமா மாறிடும். டிராக்கருக்குள்ள இருக்குற சதுரமான பீங்கான் வில்லை, அதான் ஆன்டெனா, பெரும்பாலும் 25 மி.மீக்கு 25 மி.மீ, அது வலமுறுக்கு அலையை எடுக்கத்தான் செஞ்சது, அதுவும் மேல் பக்கமா பார்த்து. நேரா வர்றதை எடுத்துக்கும், மோதி வர்றதைக் கூடியவரை தள்ளிடும். அந்த வில்லையைத் தலைகீழா வெச்சாலோ பக்கவாட்டுல சாச்சாலோ இந்த நல்ல குணம் போயிடும், மோதி வர்ற அலையை எடுத்துகிட்டு, சுத்தி வந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்கு போட்டு, வண்டிய மூணாவது தெருவுல கொண்டு நிறுத்தும். சாரங்கபாணி கோயில் பக்கம் ரெண்டு பக்கமும் மாடி, மேல ஒரு கீத்து வானம், அங்க உங்களுக்கு நடக்குறது இதுதான்.

குடந்தை டிசையர் · ஞாயிறு மதியம் 1:50

ஆன்டெனா உள்ளயேதான் சார். ஒரு சந்தேகம், என் போனை அதே பெடல் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன், மேப்புல சரியாத்தானே காட்டுது? அப்ப டிராக்கர்தான் மட்டமா?

மயிலாடுதுறை இயற்பியல் · ஞாயிறு மதியம் 2:30

போனோட ஒப்பிடாதீங்க, அது நியாயமான போட்டி இல்ல. எந்த சேட்டிலைட் இப்ப எங்க இருக்குன்னு போன் நெட்டு வழியா ஒரு நொடியில வாங்கிக்கும், பக்கத்து வீட்டு வைஃபை, டவர் இதை வெச்சும் இடத்தை ஊகிச்சுடும். சாதாரண டிராக்கர் அந்தத் தகவலை சேட்டிலைட்கிட்டேர்ந்தேதான் கேட்டு எழுதிக்கணும். ஒவ்வொரு சேட்டிலைட்டும் தன்னோட பாதைய 30 நொடிக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பிச் சொல்லும், எல்லா சேட்டிலைட்டோட மொத்தப் பஞ்சாங்கமும் வந்து சேர 12.5 நிமிசம். நடுவுல ஒரு வார்த்தை விட்டுப் போனாலும் திரும்ப மொதல்லேர்ந்து காத்திருக்கணும். பிடிச்ச சிக்னலை விடாம வெச்சுக்கத் தேவையானதை விட, இதை எழுதிக்க இன்னும் பலமான சிக்னல் வேணும். அதனால புதுசா மாட்டினா வண்டிய மரம் மட்டை இல்லாத எடத்துல ஒரு 15 நிமிசம் சும்மா நிறுத்தி வைங்க.

கொள்ளிடக்கரை · ஞாயிறு இரவு 9:10

இவ்வளவு மண்டைய உடைக்கணுமா? நான் காந்தம் வெச்ச டிராக்கர் வாங்கி வண்டிக்கு அடியில சேஸில ஒட்டிட்டேன், அணைக்கரையிலேர்ந்து சீர்காழி வரைக்கும் அழகா காட்டுது. மேல பூரா இரும்புதான், வேலை செய்யுதே.

நீடா எலக்ட்ரிக்கல் · ஞாயிறு இரவு 10:00

கொள்ளிடக்கரை அண்ணே, வேலை செய்யும், இல்லன்னு சொல்லல. வண்டி அடியிலேர்ந்து பக்கவாட்டுல தெரியுற வானமும், ரோட்டுல பட்டு எகிறி வர்றதும் சேர்ந்து ஒரு கணக்கு போடும். ஆத்தங்கரை ரோட்டுல, ரெண்டு பக்கமும் வயல், அங்க அது போதும். அதே வண்டிய மாயவரம் கடைத்தெருவுல விட்டுப் பாருங்க. இன்னொண்ணு, நம்ம ஊர்ல ஐப்பசி கார்த்திகைல வண்டிக்கு அடியில என்ன கெடைக்கும்னு உங்களுக்கே தெரியும், சேறும் தண்ணியும்தான். போன அடைமழையில அப்படி ஒட்டின மூணு பொட்டி எங்கிட்ட வந்துச்சு, மூணும் உள்ள தண்ணி.

பேராவூரணி தென்னை · திங்கள் காலை 6:20

கண்ணாடியப் பத்தி யாரும் பேசல. சில வண்டில முன் கண்ணாடியே வெயில் சூடு தடுக்குற உலோகப் பூச்சோட வருது. கண்டுபிடிக்க சுளுவான வழி, டோல்கேட்ல ஃபாஸ்டேக் படிக்க மாட்டேன்னு அடம்பிடிக்குதான்னு பாருங்க. அது 865-867 மெகாஹெர்ட்ஸ்ல வேலை செய்யுது, உலோகப் பூச்சு அதையும் தடுக்கும் இதையும் தடுக்கும். அந்த மாதிரி கண்ணாடில உள்பக்கம் பின்பார்வைக் கண்ணாடி ஒட்டியிருக்குற எடத்துக்குப் பின்னாடி மட்டும் பூச்சு இல்லாம ஒரு திட்டு விட்டிருப்பாங்க. மேல ஒட்டுற ஃபிலிம்லயும் உலோகத்தூள் கலந்தது உண்டு, அது ஒட்டியிருந்தா பிச்சு எறிங்க, கறுப்பு ஃபிலிமுக்கு 2012லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாச்சு.

அப்புறம் எங்க ஊர்ல தென்னந்தோப்புக்குள்ள வண்டி நின்னா வெயில்ல ஒரு மாதிரி, மழை பெஞ்சு மட்டையெல்லாம் நனைஞ்சிருந்தா வேற மாதிரி. ஈர எலை சிக்னலைக் குடிச்சுடும். தோப்புல நிறுத்திட்டு சோதனை பண்ணாதீங்க.

குடந்தை டிசையர் · புதன் மாலை 5:30

எல்லாருக்கும் நன்றி, செஞ்சு பார்த்துட்டேன். குறுவை அறுத்த வயலை ஒட்டி திறந்த வெளியில வண்டிய நிறுத்தி, டிராக்கர் ஆப்ல இருக்குற சேட்டிலைட் எண்ணிக்கை, சிக்னல் பலம் (எண் கூடினா நல்லது) ரெண்டையும் எழுதிகிட்டேன், ஒவ்வொரு எடத்துலயும் 15 நிமிசம். பெடல் பக்கம் பழைய எடத்துல 5 சேட்டிலைட், பலம் 22லேர்ந்து 27. பின்னாடி தட்டுல அட்டைக்கு அடியில 10, பலம் 34லேர்ந்து 38. மீட்டர் மூடிக்கு அடியில 12, பலம் 37லேர்ந்து 41. அதே எடத்துல பொட்டியைத் தலைகீழா கவுத்து வெச்சா 7க்கு எறங்கிடுச்சு, 30 தாண்டல. இயற்பியல் சார் சொன்னது அப்படியே கண்ணு முன்னாடி தெரிஞ்சுது, நான் அசந்துட்டேன்.

ஆனா ஒரு புது வில்லங்கம். எல்லாம் சரியா மாட்டி முடிச்சு வண்டி ஸ்டார்ட் பண்ணினா பலம் 7, 8 கொறையுது. ஆஃப் பண்ணினா திரும்ப ஏறுது. ஏன்னு தெரியல.

நீடா எலக்ட்ரிக்கல் · புதன் மாலை 6:15

டேஷ்கேம் இருக்கா?

குடந்தை டிசையர் · புதன் மாலை 6:20

இருக்கு. முன் கண்ணாடில. சார்ஜர் வயர் தூண் ஓரமா எறங்கி டேஷ்போர்டு மேல வழியா வருது.

நீடா எலக்ட்ரிக்கல் · புதன் மாலை 6:45

அதுதான். மட்டமான யூஎஸ்பி சார்ஜரும் சில கேமராவும் சிக்னல் வர்ற அதே அலைவரிசையில இரைச்சல் கொட்டும், வயரே ஆன்டெனாவா மாறி அதைப் பரப்பும். கேமரா வயரைப் புடுங்கிட்டு பலத்தைப் பாருங்க, ஏறினா குற்றவாளி அதுதான். நல்ல சார்ஜரா மாத்துங்க, வயரை டிராக்கர்லேர்ந்து ஒரு முழமாவது தள்ளிக் கொண்டு போங்க.

அப்புறம் அந்த 14 கிமீ. அதுக்கு சிக்னல் பாதி காரணம்தான், மீதி வயரிங். பையன் ரெண்டே வயர் குடுத்திருப்பான், பேட்டரி பிளஸ், பாடி எர்த்து. மூணாவது வயர் ஒண்ணு இருக்கும், சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல அதைக் குடுக்கணும். அது இருந்தாத்தான் வண்டி ஆஃப்ல இருக்குன்னு டிராக்கருக்குத் தெரியும், புள்ளி அங்க இங்க அலைஞ்சாலும் கிலோமீட்டர்ல சேர்க்காது. நின்ன வண்டியோட புள்ளி தகரக் கொட்டகைக்குள்ள கண்டிப்பா அலையும், ஒவ்வொரு அலைச்சலும் 20 மீட்டர், 50 மீட்டர்னு ராத்திரி பூரா கூட்டினா 14 என்ன 40 கூட காட்டும். டிரைவர் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல.

வேதாரண்யம் உப்புக்காத்து · புதன் இரவு 8:40

ஜிபிஎஸ் வேற, சிம்மு வேற, இதைக் குழப்பிக்காதீங்க. டிராக்கருக்கு இடம் தெரிஞ்சாலும் அதை நம்ம போனுக்கு அனுப்ப டவர் வேணும். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் டவரெல்லாம் படுத்துடுச்சு, என் லோடு வண்டி மூணு நாள் மேப்புல அசையவே இல்ல. டவர் வந்ததும் உள்ள சேர்த்து வெச்சிருந்த புள்ளியெல்லாம் ஒரே மூச்சுல வந்து கொட்டுச்சு, அப்பத்தான் தெரிஞ்சுது ஜிபிஎஸ் ஒரு நிமிசம் கூட விடலன்னு. சிக்னல் இல்லன்னு எடம் மாத்துறதுக்கு முன்னாடி கடைசியா தகவல் வந்த நேரத்தையும் பாருங்க.

வெளி ஆன்டெனா போடுறவங்களுக்கு, வயரை வெட்டி நீளம் கொறைக்காதீங்க, ஒட்டு போடாதீங்க. அந்த மெல்லிசு வயர் வழியாத்தான் ஆன்டெனாவுக்குள்ள இருக்குற பெருக்கிக்குக் கரண்டும் போகுது, உள் கம்பியும் வலையும் தொட்டா செத்துடும். கடலோர ஊரா இருந்தா திருகு முனையில பச்சை பூக்கும், வருசத்துக்கு ஒரு தடவை கழட்டித் தொடைங்க.

மன்னை அறுவடை · வியாழன் காலை 5:50

அறுவடை மெசின்ல வெக்க வழி இருக்கா? எங்களுக்குத் திருட்டு பயம் இல்ல, ஆனா வெளியூர் போற மெசின் எத்தனை மணி நேரம் எந்த வயல்ல நின்னுச்சுன்னு தெரியணும். மேல கூரை தகரம்.

நீடா எலக்ட்ரிக்கல் · வியாழன் காலை 7:10

கூரைக்கு மேல வெளி ஆன்டெனா காந்தத்தோட ஒட்டுங்க, தகரம் அதுக்கு அடியில இருந்தா நல்லதுதான், ஆன்டெனாவுக்கு அடியில இருக்க வேண்டிய உலோகத் தட்டு மாதிரி உதவும். பொட்டி மட்டும் உள்ள, ஆட்டம் இல்லாத எடத்துல.

சும்மா கேக்குறேன் · வியாழன் இரவு 11:30

என் மச்சான் வண்டில அவருக்குத் தெரியாம ஒண்ணு வெக்கணும். குடும்ப விசயம். பேட்டரில ஓடுறது எது நல்லது, எங்க வெச்சா தெரியாது?

நீடா எலக்ட்ரிக்கல் · வெள்ளி காலை 6:00

அதுக்கு நான் சொல்ல மாட்டேன் தம்பி, மன்னிச்சுக்குங்க. சொந்த வண்டிக்கு மட்டும்தான் மாட்டித் தருவேன், ஆர்சி புக்கு பார்த்துட்டுத்தான் கை வெப்பேன். இன்னொருத்தர் எங்க போறாரு வர்றாருன்னு அவருக்குத் தெரியாம பார்க்குறது தப்பு, போலீஸ் கேஸுன்னு வந்தா குடும்பம் இன்னும் ஒடையும். மச்சான்கிட்ட நேர்ல உக்காந்து பேசுங்க.

குடந்தை டிசையர் · வெள்ளி காலை 7:25

நான் ரெண்டு டிரைவர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வெச்சேன். எங்க இருக்குன்னு மட்டும் வெளிய சொல்லாதீங்கன்னு கேட்டுகிட்டேன். வண்டில ஓடுற மனுசனுக்குத் தெரியணும்.

மயிலாடுதுறை இயற்பியல் · வெள்ளி காலை 9:00

நல்ல காரியம். வாடகை வண்டிங்கறதால இன்னொண்ணு, அவசர பட்டனோட வர்ற ஏஐஎஸ் 140ங்கற இடம் காட்டுற கருவி ஏற்கனவே இருந்தா அதை எடம் மாத்தாதீங்க, அது அரசு விதிப்படி மாட்டினது, இது உங்க சொந்தப் பாதுகாப்புக்கு. அடுத்த பொட்டி வாங்கும்போது ஜிபிஎஸ் மட்டும் இல்லாம அதே மாதிரி சேட்டிலைட் வரிசைகளான ரஷ்யாவோட கிளோனாஸ், ஐரோப்பாவோட கலிலியோ, நம்ம இந்தியாவோட நாவிக் எல்லாம் எடுக்குமான்னு பாருங்க. தெருவுல ஒரு கீத்து வானம்தான் தெரியும்னா அந்தக் கீத்துக்குள்ள எத்தனை சேட்டிலைட் இருக்குங்கறதுதான் கணக்கு. நாவிக் நம்ம நாட்டுக்குன்னே நிறுத்தினது, நமக்கு நல்லா மேல தெரியும். ஆனா அதோட பழைய சேட்டிலைட் 1176.45 மெகாஹெர்ட்ஸ்ல பேசுது, சாதா ஜிபிஎஸ் ஆன்டெனா அதைப் பிடிக்காது. 2023 மே மாசம் ஏவின என்விஎஸ் 01 தான் ஜிபிஎஸ் பேசுற அதே 1575.42லயும் பேச ஆரம்பிச்சது. டப்பா மேல நாவிக்னு அச்சடிச்சிருந்தா எந்த அலைவரிசைன்னு கேட்டு வாங்குங்க.

வெயிலையும் மறந்துடாதீங்க. சித்திரைல மூடி நிக்குற காரோட டேஷ்போர்டு தொட்டா சுடும், உள்ள லித்தியம் பேட்டரி இருந்தா உப்பும். கண்ணாடிக்கு உள்பக்கம் வெயில் மறைப்பு போடுங்க, ஆனா வெள்ளி மாதிரி மின்னுற அலுமினியத் தாள் வேணாம், அது சிக்னலையும் சேர்த்து மறைக்கும். துணி போதும்.

குடந்தை டிசையர் · இரண்டு வாரம் கழித்து, சனி இரவு 9:45

ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்துட்டேன். கேமரா சார்ஜர் மாத்தினேன், மூணாவது வயர் குடுத்தாச்சு. திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஒன்பதும் ஒரே டிரிப்புல போயிட்டு வந்துச்சு, கோடு ரோட்டை விட்டு எங்கயும் எறங்கல. கோயில் தெருவுல ஒரு வீடு ரெண்டு வீடு தள்ளிக் காட்டுது, அது போதும். ஷெட்டுக்குள்ள மட்டும் இன்னும் சிக்னல் அத்துப் போகுது, மேல தகரம், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, உள்ள நுழைஞ்ச எடத்தைப் பிடிச்சு வெச்சுகிட்டு நிக்குது. ராத்திரி கணக்கு சுழி.

டிரைவர் அண்ணன்கிட்ட போனை நீட்டி அந்தப் பழைய 14 கிமீ எப்படி வந்துச்சுன்னு இங்க நீங்க எழுதினதை அப்படியே படிச்சுக் காட்டினேன், மன்னிப்பும் கேட்டுட்டேன். ஒண்ணும் சொல்லல, டீ சொல்லட்டுமான்னு கேட்டாரு.

ரெண்டாவது வண்டிக்கும் மாட்டணும். அதுல பின் தட்டுல வெக்கலாம்னு இருக்கேன், ரெண்டு வண்டிலயும் ஒரே எடம் வேணாம். ஆனா பின் கண்ணாடில பனி போக்குற கம்பி ஓடுது, அது தடுக்குமா?

நீடா எலக்ட்ரிக்கல் · சனி இரவு 10:20

கொஞ்சம் கொறைக்கும், அடியோட தடுக்காது. வெச்சுப் பார்த்துட்டு பலம் 33க்கு மேல இருந்தா விட்டுடலாம், இல்லன்னா சீட்டுப் பக்கமா நகத்திக்கலாம். தட்டைக் கழட்டும்போது ஸ்க்ரூடிரைவர் வெச்சு நெம்பாதீங்க, க்ளிப்பு ஒடைஞ்சா வண்டி ஓடுறப்ப கடகடன்னு சத்தம் வரும், திருடனுக்கும் இங்க கை வெச்சிருக்காங்கன்னு காட்டிக் குடுத்துடும். நாளைக்கு காலைல 10 மணிக்கு மேல வண்டிய எடுத்துட்டு நீடாமங்கலம் வாங்க, பிளாஸ்டிக் நெம்புகோல் எங்கிட்ட இருக்கு, சேர்ந்தே கழட்டுவோம்.